அடியில் கிடந்த மூடுபலகை

ஊசி போயும் போயும் கேப்டன் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் தெருவே மூக்கில் விரலை வைத்தது. சொந்த அண்ணனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, செத்தவன் தலையிலேயே பழியைக் கட்டின ஆளிடம் போய்க் கூலிக்கு நிற்கிறாளே, சூடு சொரணை ஒன்றும் கிடையாதா இவளுக்கு என்று பேசிக்கொண்டார்கள். பேசினவர்களுக்கு அவளைத் தெரியவில்லை. சொரணை அவளுக்குக் கொஞ்சம் அதிகம். அதை வெளியில் எடுத்துக் காட்டாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்தவள், அவ்வளவுதான்.

ஊசி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த கித்தான் பட்டறையில் அவளும் அம்மாவும் கப்பல்களுக்குத் தார்ப்பாய் தைத்தார்கள். முரட்டு ஊசி அது. உள்ளங்கையில் தோல்பட்டை கட்டிக்கொண்டு தள்ளினால்தான் துணிக்குள் இறங்கும். அவள் பேச்சும் அதே ரகம். உள்ளே போவது தெரியாது, திரும்பி வரும்போது நூலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். அதனால் பட்டறையில் ஊசி என்றார்கள், தெருவில் ஊசி என்றார்கள், கடைசியில் அவள் அம்மாவே ஊசி என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அண்ணன் ஒரு சரக்குக் கப்பலில் எண்ணெய்க்காரன். எஞ்சினுக்கு எண்ணெய் விடுவது, துடைப்பது, உள்ளே கசியும் தண்ணீரைப் பம்பு வைத்து வெளியேற்றுவது, இதெல்லாம் அவன் வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே கேப்டன்தான். அவர் யாரோ எவரோ இல்லை. அண்ணிக்குத் தாய்மாமா, அண்ணியின் அம்மாவுக்கு நேர் இளையவர். இன்னொரு வழியாகப் பார்த்தால் ஊசியின் அப்பாவுக்கும் மச்சான் முறை ஆகவேண்டும். ஆனால் அந்த வழியில் ஒரு பாகப்பிரிவினைச் சண்டை குறுக்கே கிடப்பதால் யாரும் அதை எடுப்பதில்லை. அண்ணி வழியாகவே ஊசியும் அவரை மாமா என்றாள். அவரும் அதே தெருவில் பிறந்து, கயிறு இழுக்கிற ஆளாகக் கப்பலேறி, மெல்ல மெல்ல மேலே போய்க் கேப்டன் ஆனவர். தெருவுக்கு அதில் பெருமை உண்டு.

கப்பல் அவரைவிட வயதானது. முன்னால் சரக்கு வைக்கிற பெரிய குழி ஒன்று, பின்னால் எஞ்சின், அதன்மேல் புகைபோக்கி. கடைசிப் பயணத்தில் ஏற்றினது சிமெண்டு மூட்டை. காலையில் கிளம்பும்போது கடல் தட்டுமாதிரி இருந்தது என்பார்கள். மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்து, காற்று எழும்பி, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே கப்பல் முழுகி அடியில் உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் படகில் ஏறித் தப்பினார்கள். அண்ணன் மட்டும் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் கேப்டன் சொன்ன கதை இது. மேலே எல்லாம் ஒழுங்காக மூடியிருந்தது. மூடுபலகை போட்டு, அதன்மேல் தார்ப்பாய் விரித்து, சுற்றிலும் ஆப்பு அடித்திருந்தது. தண்ணீர் வந்தது கீழேயிருந்து. எண்ணெய்க்காரன் குடித்துவிட்டுக் கடல்தண்ணீர் வால்வைத் திறந்துபோட்டுத் தூங்கிவிட்டான். மற்ற ஆட்களைக் கேட்டார்கள். அவர்களும் தலையாட்டினார்கள். அத்தோடு முடிந்தது.

அண்ணன் குடிக்கவே மாட்டான் என்று சொன்னால் அது பொய். கரையில் இருக்கிறபோது குடிப்பான், குடித்தால் பாடுவான், பாடினால் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் சாத்தப்படும். கப்பலில் தொடமாட்டான். ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் குடித்துவிட்டு வந்து அண்ணியோடு சண்டை போட்டிருந்தான். காலையில் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமலே அவன் புறப்பட்டுப் போனான். அண்ணி அவனைக் கடைசியாகப் பார்த்தது அப்படி. அதனால் மாமா வந்து அழுதுகொண்டே சொன்னபோது அவள் நம்பிவிட்டாள். ஊசி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"மாமா என்னைத் தூக்கி வளர்த்தவரு. அவரு எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றாள் அண்ணி. "உங்க அண்ணன்தான் என்னை ஏமாத்திட்டாரு."

அவன் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி ஊசியிடமே கொடுத்துவிட்டாள். அன்றோடு நாத்தனாருக்கும் அண்ணிக்கும் நடுவில் பேச்சு வார்த்தை இல்லை, ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று ஆகிவிட்டது.

முழுகின கப்பலுக்கு ஊர் குடிகாரன் கப்பல் என்று பெயர் வைத்தது. அண்ணி குடிகாரன் பொண்டாட்டி, ஊசி குடிகாரன் தங்கச்சி. ஊசிக்கு வந்த வரன்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுப் பாதி வழியில் திரும்பிப் போயின. அவளும் அதன்பிறகு யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

காலம் ஓடிற்று. கப்பல்களெல்லாம் இரும்பு மூடிக்கு மாறிவிட, தார்ப்பாய் தைக்க ஆளில்லாமல் பட்டறையை மூடினார்கள். கப்பலை முழுக்கின கேப்டனுக்கும் யாரும் இன்னொரு கப்பல் கொடுக்கவில்லை. கரையில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு அந்த முழுகின கப்பலே வழி காட்டிற்று. வெளியூர்களிலிருந்து ஆட்கள் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் வேடிக்கை பார்க்க வர ஆரம்பித்தார்கள். கேப்டன் படகுத்துறையில் ஒரு கடை போட்டார். மகளைக் கட்டிக்கொடுத்த மருமகன் நன்றாக முங்கத் தெரிந்தவன். அவன் கீழே கூட்டிப்போவான், இவர் மேலே கதை சொல்வார். கடைப் பலகையில் கப்பலையும் பக்கத்தில் ஒரு சாராய பாட்டிலையும் வரைந்து வைத்திருந்தார்.

அதோடு விட்டாரா? நிஜ பாட்டில் ஒன்றை எஞ்சின் அறையில் பம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் செருகி வைத்தார். முங்குகிறவர்கள் எல்லாரும் அதோடு படம் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

ஒருநாள் ஊசி துறைப்பக்கம் போனபோது கேப்டன் விருந்தாளிகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "கடைசி வரைக்கும் பம்பையும் விடல, பாட்டிலையும் விடல" என்று அவர் முடித்ததும் எல்லாரும் குலுங்கிச் சிரித்தார்கள். ஒரு பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊசி அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கடைசி ஆள் சிரித்து முடிக்கும்வரை கேட்டாள். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தாள். இந்தக் கதையை அந்த வாயே மாற்றிச் சொல்ல வேண்டும், இதே மாதிரி கூட்டத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும், அதுவரைக்கும் சாகக்கூடாது, அவரும் சாகக்கூடாது, தானும் சாகக்கூடாது என்று முடிவுகட்டினாள். மறுநாள் போய் வேலை கேட்டாள்.

கேப்டனுக்கு வாயெல்லாம் பல். குடிகாரன் தங்கச்சியே நம் கடையில் வேலை செய்கிறாள் என்றால் கதைக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? விருந்தாளிகளிடம் அவளைக் கைகாட்டி, அவன் கூடப்பிறந்தவள், நான் யாரையும் ஒதுக்குவதில்லை என்று சொல்லிக்கொள்வார். ஊசி ரப்பர் உடுப்புகளை அலசியபடியே பல்லைக் காட்டுவாள். அண்ணிக்குக்கூடச் சந்தோஷம். இப்போதாவது புத்தி வந்ததே என்று யாரிடமோ சொன்னாளாம். அந்த யாரோ அதை அப்படியே கொண்டுவந்து ஊசியிடம் ஒப்பித்தார்கள்.

உடுப்பு அலசுவதிலிருந்து காற்று அடைக்கிற வேலைக்கு மாறினாள். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கம்ப்ரஸர் இருந்தது. அது ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டியில் நிற்கவைத்து, சூடேறாமல் மெதுவாக அடைக்க வேண்டும். காற்றை உறிஞ்சுகிற குழாயின் வாய் எப்போதும் கடல்காற்று வருகிற பக்கம் இருக்க வேண்டும், எஞ்சின் புகை போகிற பக்கம் திரும்பவே கூடாது. காற்று திசை மாறினால் குழாயையும் மாற்றிக் கட்ட வேண்டும். மருமகன்தான் சொல்லிக்கொடுத்தான். புகை கலந்த காற்றை ஆழத்தில் இழுத்தால் முதலில் தலைவலிக்கும், பிறகு தூக்கம் வரும், அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க முடியாது என்றான். ஊசி இரண்டாம் முறை கேட்காமல் புரிந்துகொண்டாள்.

முங்கவும் அவனிடமே படித்தாள். முழுகின கப்பலோடு கட்டியிருந்த கட்டுக்கயிற்றைச் சரிபார்க்கவும் பாசி சுரண்டவும் அவனுக்குக் கூட ஓர் ஆள் தேவைப்பட்டது. தலை நரைக்கிற வயதில் இவளுக்குத் தவளை வேஷமா என்று துறையே சிரித்தது. முதல் தடவை காதுக்குள் கோணியூசி பாய்ச்சினமாதிரி வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதி ஊதி வலியைத் தள்ளி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பச்சைத் தண்ணீருக்குள்ளிருந்து முதலில் புகைபோக்கி தெரிந்தது, அப்புறம் கைப்பிடிக் கம்பி, அப்புறம் முழுக் கப்பலும் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது.

சரக்குக் குழிக்குள் மூட்டைகள் மூட்டைகளாகவே கல்லாகியிருந்தன. சாக்கு எப்போதோ மக்கிப்போய்விட்டது. நெசவு மட்டும் கல்லில் பதிந்திருந்தது, வாய் தைத்த தையல்கூடத் தெரிந்தது. தையல்காரி கை சும்மா இருக்குமா, தடவிப் பார்த்தாள். பிறகு எஞ்சின் அறைக்குள் போனாள். பம்புக்குப் பக்கத்தில் பாட்டில் நின்றது, கழுத்துவரை சிப்பி ஒட்டியிருந்தது. முகமூடிக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வால்வைத் தேடிக் கண்டுபிடித்துச் சக்கரத்தில் கை வைத்தாள். மொத்தமும் துரு. திறந்து கிடந்ததா மூடிக் கிடந்ததா என்று அதைச் செய்தவனே வந்தாலும் சொல்ல முடியாது. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் இறங்கினோமா என்று நினைத்தாள். பாட்டிலைத் தூக்கிச் சுவரில் அடிக்கக் கை எழும்பிற்று. அடக்கிக்கொண்டாள். அதை எடுக்க ஒரு நாள் வரும் என்று விட்டுவிட்டு மேலே ஏறினாள்.

அந்த நாள் வருகிற வழியாக இல்லை. முங்குகிற பருவங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொரு பருவமும் தொடங்குகிற முதல் நாள் கேப்டனே முங்குவார். எஞ்சின் அறைக்குப் போய்ப் பாட்டிலைத் துடைத்து நேராக வைத்து, அதோடு படம் எடுத்துக்கொண்டு வருவார். வயதானாலும் அந்த ஒரு நாளை விடமாட்டார். அப்படியொரு காலையில் காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. கம்ப்ரஸர் புகை எங்கும் போகாமல் கொட்டகை ஓரத்திலேயே சுருண்டுகொண்டிருந்தது. ஊசி குழாயின் வாயைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள். கட்டை அவிழ்த்துக் குழாயைப் புகைப்பக்கம் இழுத்துவைத்தாள். கேப்டனின் மஞ்சள் வளையம் போட்ட சிலிண்டரைத் தொட்டியில் நிறுத்தி நிரப்பினாள்.

நிரப்பி முடித்துவிட்டு அதன் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். இவர் செத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். ஊரே திரளும். கடலிலேயே உயிரை விட்ட மகராசன் என்பார்கள். கடையில் பெரிதாகப் படம் மாட்டுவார்கள். மருமகன் அவர் சொன்ன கதையைக் கண்கலங்கிச் சொல்வான், செத்தவர் சொன்ன கதை என்பதால் அது இன்னும் கெட்டியாகிவிடும். அவருக்குப் படம், அண்ணனுக்குப் பாட்டில். இது பழிவாங்கினதாக ஆகாது, அவருக்கு விழா எடுத்ததாக ஆகும். ஊசி எழுந்து வால்வைத் திறந்தாள். அடைத்த காற்று விசிலடித்துக்கொண்டு வெளியே போயிற்று. குழாயைக் கடல்பக்கம் கட்டி, ஓடவிட்டு, மறுபடி நல்ல காற்றாக அடைத்தாள்.

கேப்டன் முங்கிவிட்டு வந்து முகமூடியைக் கழற்றினார். "ஊசி அடைக்கிற காத்தே தனி. நெஞ்சு வரைக்கும் குளுகுளுன்னு போகுது" என்றார்.

"நல்லா இழுங்க மாமா. நீங்க ரொம்ப நாள் இருக்கணும்" என்றாள் ஊசி. அதை அவள் மனசாரச் சொன்னாள்.

பிறகு ஒரு பெரும் புயல் வந்தது. பல நாள் யாரும் கடலுக்குள் போகவில்லை. கடல் தெளிந்ததும் கட்டுக்கயிறு இருக்கிறதா என்று பார்க்க மருமகனும் ஊசியும் இறங்கினார்கள். கப்பல் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. சரக்குக் குழியின் ஒருபக்கத் தகடு துருவேறிப் பிளந்து, கல்மூட்டை அடுக்கு அப்படியே சரிந்து வெளியே கொட்டியிருந்தது. அடுக்கு சரிந்த இடத்தில், எல்லா மூட்டைக்கும் அடியில், குழியின் தரையோடு தரையாகப் பலகைகள் தெரிந்தன. சிமெண்டுப் பால் வடிந்து இறுகினதில் மரத்தைப் பூச்சி தின்னாமல் விட்டிருந்தது.

மருமகன் பார்த்துவிட்டுப் போய்விட்டான். சரக்குக்கு அடியில் ஈரம் ஏறாமல் பலகை போடுவது எல்லாக் கப்பலிலும் உள்ளதுதான். ஊசி நின்றாள். பலகையின் ஓரத்தைக் கையுறையால் தேய்த்தாள். முனையில் இரும்புப் பட்டை அடித்திருந்தது. பட்டைக்குப் பக்கத்தில் மரத்தைக் குடைந்து குறுக்கே ஒரு கம்பி வைத்திருந்தது. இரண்டு ஆள் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்குகிற கைப்பிடி அது. பக்கத்துப் பலகையைத் தேய்த்தாள். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது.

அடிப்பலகைக்கு எவனும் கைப்பிடி வைக்கமாட்டான். இது குழியின் வாயை மேலே மூடுகிற பலகை. இதன்மேல்தான் தார்ப்பாய் விரிப்பார்கள். அவளும் அம்மாவும் எத்தனையோ கப்பலில் இந்தப் பலகைமேல் முட்டிபோட்டுத் தவழ்ந்து அளவு எடுத்திருக்கிறார்கள். மேலே இருக்கவேண்டியது அடியில் கிடக்கிறது, அதன்மேல் மொத்தச் சரக்கும் ஏறிக் கல்லாகி உட்கார்ந்திருக்கிறது. முழுகினபிறகு யாரும் கொண்டுவந்து செருகியிருக்க முடியாது. அப்படியானால் கப்பல் கிளம்பினபோது குழியின் வாயில் வெறும் தார்ப்பாய்தான் இருந்திருக்கிறது.

அங்கே நிற்கும்போதுதான் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. அந்தப் பயணத்துக்குப் புதுத் தார்ப்பாயைக் கொண்டுபோய்க் கொடுத்தது ஊசியும் அம்மாவும்தான். எப்போதும் பலகைமேல் விரித்துப் பார்த்து ஓரம் சரிசெய்துவிட்டுத்தான் வருவார்கள். அன்றைக்குக் கேப்டன் ஏணியருகிலேயே வாங்கிக்கொண்டு, நேரமாகிறது, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று அனுப்பிவிட்டார். அம்மாகூட, என்ன இன்றைக்கு மாமா டீ குடிக்கக்கூடச் சொல்லவில்லை என்று குறைப்பட்டாள். ஊசிக்கு மூச்சு வேகமெடுத்தது. குமிழி குமிழியாகக் காற்று பறந்தது. மருமகன் திரும்பி வந்து என்ன என்று கையாட்டினான். ஒன்றுமில்லை என்று அவளும் கையாட்டினாள்.

கரைக்கு வந்து யாரிடமும் மூச்சுவிடவில்லை. நேராக வின்ச்சுக்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் அந்தக் கப்பலில் சரக்கு தூக்கும் வின்ச்சை ஓட்டினவர், ஊசியின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. விசாரணையில் தலையாட்டினவர்களில் இன்னும் நடமாடுகிறவர் அவர் ஒருவர்தான். நடமாட்டம் என்பதும் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில்தான்.

"மாமா, அன்னிக்கி அடிப்பலகை வந்து சேரல, அப்படித்தானே?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தாள்.

அவர் ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார். "யாரு சொன்னா?"

"கப்பல் சொல்லிச்சு."

பிறகு அவர் சொன்னார். குழியின் தரை முந்தின சரக்கால் ஈரமாகக் கிடந்தது. அடிக்குப் போடவேண்டிய பலகை வந்து சேரவில்லை. சிமெண்டு நனைந்தால் போச்சு. காத்திருக்கக் கேப்டனுக்குப் பொறுமை இல்லை. குட்டிப் பயணம், கடல் கண்ணாடி, மூடுபலகையையே அடியில் போடுங்கள், மேலே புதுத் தார்ப்பாய் போதும் என்றார். இவர்கள்தான் கையால் தூக்கி அடுக்கினார்கள். அடுக்குகிறபோது எண்ணெய்க்காரன் மேலே வந்து பார்த்துவிட்டு ஒரு சத்தம் போட்டானாம். மேலே மூடுவதை அடியில் போட்டால் மழைக்கு என் தலையை வைத்தா மூடுவீர்கள் என்று கேட்டானாம். உன் எஞ்சினைப் பார் என்று கேப்டன் விரட்டிவிட்டார். அலை ஏறினபோது தார்ப்பாய் தொட்டில்மாதிரித் தண்ணீரைச் சுமந்து தொங்கிற்று, பிறகு கிழிந்தது. உள்ளே போன தண்ணீர் சிமெண்டைக் கரைத்துப் பம்பை அடைத்தது. எண்ணெய்க்காரன் பம்பின் வாயில் கைவிட்டு அந்தச் சேற்றை வாரி வாரிப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் பம்பை ஓடவைத்ததால்தான் படகை இறக்க அவகாசம் கிடைத்தது.

"நாங்க படகுல ஏறுறப்பவும் பம்பு சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு ஊசி" என்றார் வின்ச்சுக்காரர். "அந்தச் சத்தம் நின்னதும் கப்பல் போயிடுச்சு."

இதை வெளியே சொன்னால் பலகையை அடுக்கின எல்லாருக்கும் விலங்குதான், ஒருத்தனுக்கும் இனிக் கப்பல் வேலை கிடையாது என்று கரைக்கு வருவதற்குள் கேப்டன் படகிலேயே வைத்துப் பேசி முடித்துவிட்டார். இப்போதும் ஊருக்கு முன்னால் நின்று சொல்ல எனக்கு முகமில்லை என்று கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஊசிக்கு அவரையும் இரண்டு அறை விடலாம் என்றுதான் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். "நீங்க ஒண்ணும் சொல்லவேணாம். பருவம் திறக்குற அன்னிக்கி வந்து முன்னால உக்காருங்க, போதும்" என்றாள்.

பருவம் திறக்கிற நாளில் ஒரு வழக்கம் இருந்தது. அன்று முங்கி எடுத்த படத்தை வெயில் இறங்கினதும் கடை முற்றத்தில் திரை கட்டிப் போடுவார்கள். விருந்தாளிகள், துறையில் வேலை செய்கிறவர்கள், தெருக்காரர்கள் எல்லாரும் வந்து உட்கார்வார்கள். படம் ஓட ஓடக் கேப்டன் எழுந்து நின்று கதை சொல்வார். திரைக்குக் கித்தான் தைத்துக் கொடுத்தவள் ஊசிதான். இந்தத் தடவை மருமகனிடம் அவள் ஒன்று கேட்டாள். புதிதாகச் சரிந்த இடத்தையும் எடுங்கள், நான் விளக்கு பிடிக்கிறேன், விருந்தாளிகளுக்குப் புதுசாக இருக்கும் என்றாள். அவனும் சரியென்று எடுத்தான். கேப்டன் எப்போதும்போல் எஞ்சின் அறைக்குள் போய்ப் பாட்டிலோடு நின்றுவிட்டு மேலே வந்துவிட்டார்.

முற்றம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வின்ச்சுக்காரர் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி, மாமா வீட்டு விசேஷம் என்று அண்ணி வந்திருந்தாள். ஊசி திரை ஓரத்தில் நின்றாள். கேப்டன் நல்ல உற்சாகத்தில் இருந்தார். பம்பையும் விடல, பாட்டிலையும் விடல என்கிற இடத்தில் கூட்டம் சிரித்தது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

சிரிப்பு அடங்கினதும் ஊசி கேட்டாள். "கேப்டன், ஒரு சந்தேகம். அன்னிக்கி மேல மூடுபலகை எல்லாம் போட்டிருந்துச்சா?"

இது அவருக்கு மனப்பாடம். "ஒண்ணு விடாம. நானே நின்னு பார்த்தேன்" என்றார்.

"அந்தப் பலகை எப்படி இருக்கும்னு இவங்களுக்குச் சொல்லுங்களேன். இவங்க பார்த்திருக்கமாட்டாங்க."

கேப்டனுக்குக் கூட்டம் இருந்தால் போதும். நல்ல கனமான பலகை, முனையில் இரும்புப் பட்டை, குடைந்து கம்பி வைத்த கைப்பிடி, இரண்டு ஆள் தூக்க வேண்டும் என்று கையால் அளந்து காட்டினார். அவர் கை இறங்குவதற்குள் திரையில் சரிந்த இடம் வந்துவிட்டது. கல்மூட்டைகள், அவற்றுக்கு அடியில் பலகை வரிசை. ஊசியின் கையுறை வந்து துடைத்தது. இரும்புப் பட்டை. துடைத்தது. கைப்பிடி. அடுத்ததைத் துடைத்தது. கைப்பிடி. அவர் இப்போதுதான் வாயால் சொன்னது அத்தனையும் கித்தான்மேல் ஆள் உயரத்துக்கு நின்றது.

விருந்தாளிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. துறைக்காரர்களுக்கு அந்தப் பலகை தெரியும். அவர்களில் ஒருவன் படத்தை நிறுத்தச் சொன்னான். மருமகன் நிறுத்தினான்.

"அது அடிப்பலகை" என்றார் கேப்டன்.

"அடிப்பலகைக்கு எதுக்கு மாமா கைப்பிடி?" என்றாள் ஊசி. எல்லார் முன்னாலும் அவரை மாமா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். "மேல மூடினதா சொன்னீங்களே, அது எப்படி அத்தனை மூட்டைக்கும் கீழ போய்ப் படுத்துக்கிச்சு? எங்க அண்ணன் குடிச்சிட்டு வந்து மாத்தி அடுக்கிட்டானா?"

கேப்டன் வின்ச்சுக்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வை இத்தனை வருஷமும் வேலை செய்த பார்வை. கிழவர் போர்வையை விலக்கிவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "நம்ம பலகைதான். நாங்கதான் அடுக்கினோம். நீ சொல்லித்தான் அடுக்கினோம்" என்றார். காலம் முழுக்க நீங்க நீங்க என்று பேசினவர் அன்று நீ என்றார். சொல்லிவிட்டு உட்காராமல் அப்படியே நின்றார்.

அண்ணி எழுந்து கேப்டன் பக்கத்தில் போனாள். சத்தம் போடவில்லை. "மாமா, அவரு குடிச்சிருந்தாரா?" என்று கேட்டாள்.

அவர் மருமகன் முகத்தைப் பார்த்தார், மகள் முகத்தைப் பார்த்தார். எந்த முகத்திலும் இடம் கிடைக்கவில்லை.

"இல்லம்மா" என்றார்.

"சத்தமா சொல்லுங்க. பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றாள் ஊசி.

அவர் சத்தமாகச் சொன்னார்.

அதன்பிறகு நடந்ததைத் தெரு ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறது. கேப்டனை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்கே நன்றாக இருந்திருக்கும். மறுநாள் மருமகன் ஏணி போட்டுக் கடைப் பலகையிலிருந்த பாட்டிலைச் சுரண்டி எடுத்தான். அண்ணி ஊசி வீட்டு வாசலில் வந்து நின்று போட்டோவைக் கேட்டாள். ஊசி உடனே கொடுக்கவில்லை. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று நூலோடு இழுக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். அண்ணி அத்தனையும் வாங்கிக்கொண்டு, போட்டோவைத் துணியில் சுற்றி எடுத்துப்போனாள். மறுவாரம் இருவரும் சேர்ந்து நடந்து போனதைப் பார்த்தவர்கள் உண்டு.

கேப்டன் ஒருநாள் தகரக் கொட்டகைக்கு வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி இந்த வேலை உனக்கு எதற்கு, போய்விடேன் என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

"எனக்கு இன்னும் போதல மாமா" என்றாள் ஊசி. "நீங்க எத்தனை வருஷம் சொன்னீங்களோ, அத்தனை வருஷம் நானும் கேக்கவேணாமா?"

அதே வாரம் அவள் இறங்கிப்போய் எஞ்சின் அறையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். கழுவவில்லை. சிப்பியும் பாசியுமாகக் கடையின் முன்மேசையில், கேப்டன் உட்காருகிற நாற்காலிக்கு நேர் எதிரில் வைத்தாள். அவர் ஒருமுறை அதை மேசைக்கடியில் தள்ளிவைத்தார், மறுபடி எடுத்து வைத்தாள். தூக்கி எறியப் பார்த்தார், அது இங்கேயே இருக்கட்டும் மாமா என்று மருமகனே சொல்லிவிட்டான். வீட்டில் மகள் முகம் கொடுப்பதில்லை, தெருவில் யாரும் பக்கத்தில் உட்கார்வதில்லை, அந்த நாற்காலியை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

இப்போது அந்தக் கப்பலைப் பார்க்க முன்பைவிட அதிகம் பேர் வருகிறார்கள். வருகிறவர்கள் உடுப்பு மாட்டக் காத்திருக்கிற நேரத்தில் மேசைப்பக்கம் ஒதுங்குவார்கள். யாராவது ஒருவர் அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, இது என்ன என்று நாற்காலியில் இருக்கிறவரைக் கேட்காமல் இருக்கமாட்டார்கள்.

கொட்டகையில் ஊசிக்கு அந்த இடம் நேராகத் தெரியும். கை பாட்டிலுக்குப் போவதைப் பார்த்ததும் அவள் இரைகிற கம்ப்ரஸரை நிறுத்திவிடுவாள்.